மரபணு நோய் எல்லாம் பரம்பரை நோயா?

1983ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள குழந்தைகள் மருத்துவமனைக்கு ஒரு சிறுமியைப் பெற்றோர் அழைத்து வந்தனர். பிறந்தபோது அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. உரிய காலத்தில் சிரித்தாள், உட்கார்ந்தாள், நடந்தாள், சில சொற்களும் பேசினாள். அதன்பின் கற்றதெல்லாம் ஒவ்வொன்றாக அவளை விட்டுப் போகத் தொடங்கியது. பேச்சு நின்றது. பொம்மையைப் பிடித்த விரல்கள் பிடிப்பதை மறந்தன. துணி துவைப்பவரைப் போல இரு கைகளையும் ஓயாமல் பிசைந்துகொண்டே இருந்தாள். அவளைப் பரிசோதித்தவர் ஹூடா ஜோக்பி என்னும் இளம் மருத்துவர். குழந்தை நரம்பியலில் அப்போது பயிற்சி பெற்றுவந்தார்.

ஒரு வாரத்திற்குள் அவர் இன்னொரு சிறுமியைப் பார்த்தார். இவள் சற்று மூத்தவள். பெருமூளை வாதம் என்று அவளுடைய பதிவேட்டில் எழுதியிருந்தது. ஆனால் அதே கை பிசைதல். விசாரித்தபோது கதையும் அதேதான்: முதலில் நல்ல வளர்ச்சி, பிறகு இழப்பு. ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாத இரு குழந்தைகளிடம் இத்தனை ஒற்றுமை தற்செயலாக வராது, இதற்குப் பின்னால் ஒரே ஒரு ஜீனின் கோளாறு இருக்க வேண்டும் என்று ஜோக்பிக்குத் தோன்றியது. அதை மெய்ப்பிக்க அவருக்குப் பதினாறு ஆண்டுகள் பிடித்தன.

அந்தப் பதினாறு ஆண்டுகளை இங்கே சொல்வதற்கு வகுப்பறை சார்ந்த ஒரு காரணம் உண்டு. பத்தாம் வகுப்பு மரபியல் பாடத்தை நடத்தும்போது, ‘மரபணு நோய்’, ‘பரம்பரை நோய்’ என்ற இரு சொற்களையும் ஒன்றுக்கு மற்றொன்றாகவே பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிவந்தேன். நம்மில் பலரும் அப்படித்தான் எழுதுகிறோம் என்று நினைக்கிறேன். மரபு என்ற சொல்லே தலைமுறை தலைமுறையாக வருவதைக் குறிப்பதால் இந்தக் குழப்பம் தமிழில் எளிதாக நேர்ந்துவிடுகிறது. ஜோக்பி ஆராய்ந்த இரு நோய்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டு சொற்களும் ஒன்றல்ல என்பது தெளிவாகும். தேர்வு மதிப்பெண்ணுக்காக மட்டும் இதை வலியுறுத்தவில்லை. இந்தக் குழப்பத்தின் சுமை வகுப்பறைக்கு வெளியே யாரோ ஒரு தாயின் தலையில் இறங்குகிறது.

மறந்துபோன ஒரு கட்டுரை

ஜோக்பி 1954இல் லெபனான் நாட்டின் பெய்ரூட்டில் பிறந்தவர். இலக்கியம் படிக்க ஆசைப்பட்டார். மருத்துவம் படிக்கச் சொன்னவர் அவருடைய தாய். அங்கே மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த காலத்தில் உள்நாட்டுப் போர் மூண்டது. அமெரிக்கா சென்று நாஷ்வில் நகரின் மெஹாரி மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்தார். பிறகு ஹூஸ்டனில் உள்ள பேய்லர் மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர், அங்கேயே நிலைத்துவிட்டார்.

அவர் பிறந்த அதே 1954இல், ஆஸ்திரியாவின் வியன்னாவில் ஆந்த்ரியாஸ் ரெட் என்ற குழந்தை மருத்துவரின் காத்திருப்பு அறையில் இரு தாய்மார் தத்தம் பெண் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தனர். இரு குழந்தைகளும் ஒரே விதமாகக் கைகளைப் பிசைவதை ரெட் கவனித்தார். தம்மிடம் வந்த பிற குழந்தைகளிலும் தேடினார். 1966இல் ஜெர்மன் மொழியில் கட்டுரை எழுதினார். அதைப் படித்தவர்கள் மிகக் குறைவு. 1983இல் சுவீடன் மருத்துவர் பெங்ட் ஹாக்பெர்க்கும் பிரான்சு, போர்ச்சுகல் நாட்டு மருத்துவர்களும் சேர்ந்து 35 சிறுமியரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைதான் நோயை உலகறியச் செய்தது. அதற்கு ‘ரெட் நோய்க்கூட்டு’ என்ற பெயரும் நிலைத்தது. அந்தக் கட்டுரை வெளிவந்த ஆண்டிலேயே ஜோக்பியின் கண்ணில் அந்த முதல் சிறுமி பட்டாள் என்பது அவருடைய நல்லூழ்.

ஏறத்தாழ 10,000 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. முதல் ஆறு மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை வளர்ச்சி இயல்பாகவே தெரியும். அதன்பின் பேச்சும் கைப்பயன்பாடும் குறையும். நடை தள்ளாடும், சிலருக்கு நின்றேபோகும். வலிப்பு வரலாம். விழித்திருக்கும்போது மூச்சு சீரற்றுப் போகும். சிறிது நேரம் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், பிறகு வேகவேகமாக விடுவார்கள். தலையின் வளர்ச்சி மந்தமாகும். ஆனால் இழப்பின் காலம் கடந்ததும் பெரும்பாலோர் ஒரு நிலையான கட்டத்தை அடைகிறார்கள். பலர் நடுவயது வரை வாழ்கிறார்கள்.

இதன் ஜீனைத் தேடுவது ஏன் கடினமாக இருந்தது? அக்காலத்தில் ஒரு நோயின் ஜீனைக் கண்டுபிடிக்க ஒரு பெரிய குடும்பம் தேவைப்பட்டது. பாட்டி, தந்தை, அத்தை, பேரன் என்று பலருக்கும் நோய் இருந்தால், நோயுள்ள அனைவரிடமும் பொதுவாக உள்ள குரோமோசோம் பகுதி எது என்று ஒப்பிட்டுத் தேடலாம். ரெட் நோயுள்ள சிறுமிக்கோ அக்காள் தங்கை நலமாக இருப்பார்கள். முன்னோரில் எவருக்கும் நோய் இருந்திருக்காது. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே வருவதை எப்படி ஜீன் நோய் என்பது? பலர் ஐயப்பட்டதில் வியப்பில்லை. மூலக்கூறு மரபியலில் பயிற்சி பெற ஆர்தர் போடே என்பவரின் ஆய்வகத்தில் சேர்ந்த ஜோக்பி, ரெட் நோயை விடாமல் பின்தொடர்ந்தபடியே, விடை கிடைக்கக்கூடிய வேறொரு நோயையும் எடுத்துக்கொண்டார். முதலில் அந்த நோயைப் பார்த்துவிடுவோம்.

எண்ணாமல் எழுதிய ‘மரம்’

ஒரு பெரிய குடும்பத்தில் தலைமுறைதோறும் சிலருக்கு நடை தள்ளாடியது. பேச்சு குழறியது. விழுங்குவதும் சிரமமாயிற்று. தண்டுவட சிறுமூளைத் தள்ளாட்ட நோய், முதல் வகை என்று இதைத் தமிழில் சொல்லலாம். பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதில் தொடங்கும். சிறுமூளையிலுள்ள பர்கின்ஜி செல்கள் மெல்ல மெல்ல அழிவதால், உடலின் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் திறன் குறைகிறது. இது ஓங்கு பண்பு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி. பரம்பரை நோய் என்று சொல்வதற்கு இதைவிடச் சரியான எடுத்துக்காட்டு இல்லை.

அந்தக் குடும்பத்தில் இன்னொரு விந்தையும் இருந்தது. தலைமுறை இறங்க இறங்க நோய் முன்கூட்டியே வந்தது. தாத்தாவுக்கு ஐம்பதில் வந்தது, தந்தைக்கு முப்பதில், பேரனுக்குப் பள்ளி வயதில் என்பது போல. மெண்டலின் பட்டாணிச் செடிகளில் இப்படி நடக்காது. நெட்டை, அடுத்த தலைமுறையிலும் அதே நெட்டைதான்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஆர் இதே ஜீனைத் தேடிக்கொண்டிருந்தார். இருவரும் போட்டியிடாமல் கைகோத்தனர். 1993 ஏப்ரல் 8 அன்று, இருவரும் தத்தம் ஆய்வகத்தில், ஒரே நாளில், ஆறாவது குரோமோசோமில் இருக்கும் அந்தக் கோளாறைக் கண்டனர். கட்டுரையும் இருவர் பெயரிலும் வெளிவந்தது. அறிவியல் மன்றத்தில் மாணவர்களுக்குச் சொல்ல ஏற்ற செய்தி இது.

கோளாறு என்ன? டிஎன்ஏ மொழியில் மூன்று எழுத்துகள் சேர்ந்தால் ஓர் அமினோ அமிலத்துக்கான குறியீடு. சி, ஏ, ஜி என்ற மூன்றெழுத்து குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும். இந்த ஜீனில் சிஏஜி என்பது அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வருகிறது. நலமுள்ளவர்களிடம் ஏறத்தாழ முப்பது முறை. நோயாளிகளிடம் நாற்பதைத் தாண்டி, சிலரிடம் எண்பது வரை. எண்ணிக்கை கூடக்கூட நோய் இளமையிலேயே வருகிறது. ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது, குறிப்பாகத் தந்தை வழியாகப் போகும்போது, எண்ணிக்கை நீள முனைகிறது. பேரனுக்கு முன்கூட்டியே வந்ததன் காரணம் அதுதான்.

இதை வகுப்பில் காட்ட ஒரு சுண்ணக்கட்டி போதும். ‘மரம்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லை இடைவெளி விடாமல் முப்பது முறை ஒரு தாளில் எழுதி, முதல் வரிசை மாணவரிடம் கொடுங்கள். விரல் வைத்து எண்ணாமல், பார்த்து விரைவாக நகலெடுத்து, நகலை மட்டும் பின்வரிசைக்குக் கொடுக்க வேண்டும். கடைசி வரிசைக்குப் போகும்போது எண்ணிப் பார்த்தால் முப்பது பெரும்பாலும் முப்பதாக இருக்காது. ஒரே மாதிரியான சொல் வரிசையாக வரும்போது கண் எங்கே நின்றது என்று தெரியாமல் வழுக்கிவிடுகிறது. டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதிகளுக்கும் அதே இடறல்தான்.

அடுத்து, நடுவில் இரண்டு இடத்தில் ‘மரம்’ என்பதற்குப் பதில் ‘மடம்’ என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். இப்போது நகல் பெரும்பாலும் பிசகாது, ஏனென்றால் கண்ணுக்கு ஓர் அடையாளக் கல் கிடைத்துவிடுகிறது. ஜோக்பியும் ஆரும் கண்டதும் இதுவே. நலமுள்ளவர்களின் ஜீனில் சிஏஜி வரிசைக்கு நடுவே ஓர் எழுத்து மாறிய சிஏடி ஓரிரு இடங்களில் வருகிறது. அது இருக்கும்வரை வரிசை நீளாமல் நிற்கிறது. நோயாளிகளின் நீண்ட வரிசையில் அந்த இடைச்சொல் இல்லை.

இந்த நோய் நமக்குத் தொலைவில் உள்ளதன்று. தமிழர்களில் ஒரு சமூகத்தினரிடையே இது மிகுதியாகக் காணப்படுவதை 2005இல் ‘நியூராலஜி இந்தியா’ இதழில் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே வம்சாவளிப் படம் வரையச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை தேவை. ‘உங்கள் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று விசாரித்து வரைந்து வா’ என்று வீட்டுப்பாடம் கொடுக்க வேண்டாம். அப்படி ஒரு நோய் உள்ள வீட்டுப் பிள்ளை அந்தப் படத்தை வகுப்பின் முன் காட்ட வேண்டியிருக்கும். தனக்கும் வருமா என்ற கேள்வியோடு அன்றிரவு படுக்கப் போகும். கற்பனைக் குடும்பம் ஒன்றை நாமே அமைத்துக் கொடுத்தால் பாடமும் நடக்கும், பிள்ளையும் காயப்படாது.

பெண் குழந்தைகளுக்கு மட்டும் ஏன்?

மீண்டும் ரெட் நோய்க்கு வருவோம். பெண் குழந்தைகளிடம் மட்டுமே பெரும்பாலும் காணப்படுவதால் எக்ஸ் குரோமோசோமில் தேடுவது பொருத்தமென்று பட்டது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கக் குடும்பம் வேண்டுமே? மிக அரிதாக, ஒரே குடும்பத்தில் இருவருக்கு நோய் வந்த சில வீடுகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில், தாய் ஒருவர், தந்தை வேறு என்ற நிலையில் பிறந்த இரு சகோதரியருக்கும் நோய். இங்கே மாணவர்களைச் சிந்திக்க விடலாம்: இந்த இருவருக்கும் பொதுவாக யாரிடமிருந்து குரோமோசோம் வந்திருக்கும்? தாயிடமிருந்து மட்டுமே. தாயின் இரு எக்ஸ் குரோமோசோம்களும் கருமுட்டை உருவாகும்போது துண்டுகளை மாற்றிக்கொள்வதால், மகள்கள் இருவருக்கும் ஒரே துண்டுகள் வந்திருக்காது. இருவரிடமும் வேறுபடும் பகுதிகளில் நோய்க்கான ஜீன் இருக்க முடியாது என்று அடித்துவிடலாம். தேர்வில் தவறான விடைகளை ஒவ்வொன்றாக நீக்கிச் சரியானதை நெருங்குவதைப் போன்ற வேலை.

இப்படிச் சுருக்கிச் சுருக்கி, எக்ஸ் குரோமோசோமின் நுனிப் பகுதிக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே பல ஜீன்கள். ஒவ்வொன்றையும் நோயாளிகளிடம் எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் கோளாறு இல்லை, அடுத்ததிலும் இல்லை. 1999இல் ஜோக்பியின் ஆய்வகத்தைச் சேர்ந்த ரூத்தி அமீர், எம்இசிபி2 என்ற ஜீனில் திடீர்மாற்றத்தைக் கண்டார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உட்டா ஃபிராங்கேயுடன் இணைந்து எழுதிய கட்டுரை அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்தது. ஜோக்பியின் முதல் ஊகம் சரியாகிவிட்டது.

எம்இசிபி2 புரதம் அறிவியலுக்குப் புதிதன்று. எடின்பரோவில் ஏட்ரியன் பேர்ட் என்ற ஆய்வாளர் 1992லேயே அதைக் கண்டுபிடித்திருந்தார். டிஎன்ஏவில் மெத்தில் என்னும் சிறு வேதிக்குறி ஒட்டிய இடங்களில் போய் அமர்ந்து, எந்த ஜீன் எவ்வளவு செயல்பட வேண்டும் என்று அது ஒழுங்கு செய்கிறது. நரம்பு நோயோடு அதற்குத் தொடர்பு இருக்கும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை.

இனி அந்தக் கேள்வி. பெண்களுக்கு மட்டும் ஏன்? பல நூல்களில் ‘ஆண் கருவுக்கு ஒரே எக்ஸ் என்பதால் பிழைப்பதில்லை’ என்று ஒரே வரியில் விடை தந்துவிடுகிறார்கள். அது பாதி விடைதான். திடீர்மாற்றம் பெற்ற ஆண் குழந்தைகள் சிலர் பிறக்கிறார்கள்; மிகக் கடுமையான நோயோடு பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிடுகிறார்கள். மீதிப் பாதியைச் சீட்டுகள் கொண்டு மாணவர்களே கண்டுபிடிக்கலாம்.

தாய்க்கு இரண்டு சிவப்புச் சீட்டு, இரண்டும் எக்ஸ். தந்தைக்கு ஒரு நீலச் சீட்டு எக்ஸ், ஒரு வெள்ளைச் சீட்டு ஒய். நீலச் சீட்டில் ஒரு மைப்புள்ளி வையுங்கள். அதுதான் புதிதாக நேர்ந்த பிழை. இனி தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக எடுத்துக் குழந்தைகளை உருவாக்கச் சொல்லுங்கள். எத்தனை முறை செய்தாலும் புள்ளி மகளிடமே போய்ச் சேரும். மகனுக்குத் தந்தையிடமிருந்து வெள்ளைச் சீட்டு மட்டுமே போகிறது. ரெட் நோயில் பிழை பெரும்பாலும் தந்தையின் விந்தணு உருவாகும்போதுதான் நேர்கிறது. விந்தணுவைத் தரும் செல்கள் பூப்பெய்திய பின் வாழ்நாள் முழுவதும் பிரிந்துகொண்டே இருப்பதால், நகலெடுப்பும் அதிகம், நகற்பிழையும் அதிகம். அந்தப் பிழை தந்தையின் உடலில் வேறெங்கும் இல்லை. அவர் செய்த எதனாலும் வந்ததுமன்று. கோடிக்கணக்கான விந்தணுக்களில் ஒன்றில் நேர்ந்த எழுத்துப் பிழை அது.

மகளுக்குத் தாயிடமிருந்து வந்த நல்ல பிரதி ஒன்று இருக்கிறதே, அது ஏன் காப்பாற்றவில்லை என்று ஒரு மாணவர் கேட்பார். கேட்க வேண்டும். அதற்கு விடை தெருவில் திரியும் மூவண்ணப் பூனையிடம் இருக்கிறது. வெள்ளையோடு கறுப்பும் செம்பழுப்பும் திட்டுத்திட்டாக உள்ள பூனை ஏறக்குறைய எப்போதும் பெண் பூனைதான். பூனைகளில் செம்பழுப்பு நிறத்துக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரு எக்ஸ்களில் ஒன்று கருநிலையிலேயே செயலிழந்துவிடும் என்று மேரி லையன் 1961இல் விளக்கினார். எந்த எக்ஸ் என்பது செல்லுக்குச் செல் தற்செயல். ஒரு திட்டில் கறுப்புக்கான எக்ஸ் வேலை செய்கிறது, பக்கத்துத் திட்டில் செம்பழுப்புக்கானது. ரெட் நோயுள்ள சிறுமியின் மூளையும் அப்படியே ஒரு மூவண்ணப் பூனை. ஏறத்தாழ பாதி நரம்பு செல்களில் நல்ல ஜீன் இயங்குகிறது, மீதியில் பிழையுள்ளது. இந்த விகிதம் குழந்தைக்குக் குழந்தை மாறுவதால் நோயின் கடுமையும் மாறுகிறது. பிழையுள்ள எக்ஸ் பெரும்பாலான செல்களில் அடங்கிக் கிடக்கும் வாய்ப்பு அமைந்த பெண் நலமாகவே இருப்பார். இருவருக்கு நோய் வந்த அரிய வீடுகளின் தாய்மார் சிலர் அப்படிப்பட்டவர்களே.

‘சொந்தத்தில் கட்டினீர்களா?’

ஒரு குழந்தைக்கு வளர்ச்சிக் குறை என்றால் நம் ஊரில் முதலில் வரும் கேள்வி இது. அடுத்தது ‘உங்கள் பக்கம் யாருக்காவது இருந்ததா?’ இந்தக் கேள்வி பெரும்பாலும் தாயை நோக்கியே வரும். கர்ப்பக் காலத்தில் என்ன சாப்பிட்டாய், எங்கே போனாய் என்று தொடரும்.

முதல் கேள்வியை முற்றிலும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவில் மணம் செய்யும்போது, இருவரிடமும் ஒரே ஒடுங்கு ஜீன் இருப்பதற்கான வாய்ப்பு கூடுகிறது. அதனால் ஒடுங்கு பண்பு நோய்கள் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பும் கூடுகிறது. இதை மாணவர்களுக்கு ஒளிவுமறைவின்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் எல்லா ஜீன் நோய்களுக்கும் உறவுமுறைத் திருமணமே காரணம் என்று சொல்வது தவறு. தள்ளாட்ட நோய் ஓங்கு பண்பு. உறவில் மணந்தாலும் அசலில் மணந்தாலும் பாதிக்குப் பாதிதான். ரெட் நோய் பெரும்பாலும் புதிய பிழை. அதற்கும் திருமண உறவுக்கும் தொடர்பில்லை. அடுத்த குழந்தைக்கு இந்நோய் வரும் வாய்ப்பு பொதுவாக நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. இருந்தும் ‘பரம்பரை நோய்’ என்ற ஒரு சொல்லைக் கேட்டு, அடுத்த குழந்தை வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களும், மூத்த மகளின் திருமணப் பேச்சை நிறுத்திவைப்பவர்களும் இருக்கக்கூடும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய விடையை மரபியல் ஆலோசனையும் பரிசோதனையும்தான் தர முடியும். அதைத் தருவது ஆசிரியர் வேலையன்று. ஆனால் மரபணு நோய் என்றால் ஜீனில் கோளாறு உள்ள நோய், பரம்பரை நோய் என்றால் தலைமுறை வழி வரும் நோய், முதலாவதில் ஒரு பகுதி மட்டுமே இரண்டாவது என்று இரண்டு வட்டங்கள் வரைந்து காட்டுவது நம் வேலைதான்.

பாலர் வகுப்பிலும் தொடக்க வகுப்புகளிலும் பணியாற்றுவோர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஒரு குழந்தை தாமதமாகப் பேசுவது வேறு, பேசிய சொற்களை இழப்பது வேறு. முன்பு கரண்டி பிடித்த குழந்தை இப்போது பிடிக்கவில்லை, முன்பு பெயர் சொன்னால் திரும்பியது இப்போது திரும்பவில்லை என்று தாய் சொன்னால், ‘வயசு வந்தா சரியாயிடும்மா’ என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிடக் கூடாது. இழப்புக்குக் காரணங்கள் பல. ரெட் அவற்றில் அரிதான ஒன்று. எதுவானாலும் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடமோ உடனே சொல்லி, மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய அறிகுறி அது.

ரெட் நோயுள்ள சிறுமியர் பேசாததாலும் கைகளால் எதையும் காட்ட முடியாததாலும் அவர்களுக்கு ஒன்றும் புரிவதில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவர்களுடைய கண்கள் பேசுகின்றன. வேண்டிய பொருளை உற்றுப் பார்ப்பார்கள். இரண்டு படங்களைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, ‘எது வேணும்?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பத்து விநாடி, இருபது விநாடி, சில நேரம் அதற்கும் மேல். பதில் வரத் தாமதமாகும். அந்த இடைவெளியைத் தாங்க முடியாமல் நாமே பதிலைச் சொல்லிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கை பிசைவதை அதட்டி நிறுத்துவதும் பயன் தராது. அது அவள் விருப்பத்தில் நடப்பதன்று.

குறைந்தாலும் நோய், கூடினாலும் நோய்

ஜீன் தெரிந்துவிட்டது, நல்ல ஜீனை உள்ளே செலுத்திவிட வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். ஜோக்பியின் ஆய்வகம் 2004இல் எலிகளில் இந்தப் புரதம் இரு மடங்கு சுரக்கும்படி செய்து பார்த்தது. அந்த எலிகளுக்கும் நரம்பு நோய் வந்தது. அடுத்த ஆண்டே, இந்த ஜீன் இரட்டிப்பாக அமைந்த சிறுவர்கள் இருப்பதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். இங்கே பாதிப்பு பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு. சோற்றில் உப்பைப் போல, இல்லாவிட்டாலும் கெடும், கூடினாலும் கெடும். மூவண்ணப் பூனை போன்ற மூளையில் பாதி செல்களுக்கு ஜீன் தேவை, மீதிப் பாதிக்கு ஏற்கெனவே போதுமானது இருக்கிறது. எல்லாச் செல்லிலும் ஒரே அளவில் கொட்டினால் நல்ல செல்களுக்குக் கேடு.

ஆனால் தள்ளாட்ட நோயில் இல்லாத ஒரு நம்பிக்கை ரெட் நோயில் உண்டு. அங்கே செல்கள் மடிகின்றன. இங்கே மடிவதில்லை, சரியாக இயங்காமல் கிடக்கின்றன. 2007இல் ஏட்ரியன் பேர்டின் குழு, எம்இசிபி2 ஜீனைப் பூட்டி வைத்த எலிகளை வளர்த்தது. அவை வளர்ந்து நோய் முற்றிய பிறகு பூட்டைத் திறந்தது. சாகக் கிடந்த எலிகளில் பெரும்பாலானவை எழுந்து நடந்தன. வளர்ந்த மூளையில் நேர்ந்த கோளாறைத் திரும்பச் சரிசெய்ய முடியும் என்று அதுவரை பலர் நம்பியதில்லை. எதிர்த் திசையில், ஜீன் கூடுதலாக உள்ள எலிகளில் மிகையான புரதத்தைக் குறுகிய டிஎன்ஏ துண்டுகளால் குறைத்து நோயை மீட்டுக் காட்டியது 2015இல் ஜோக்பியின் குழு.

எலியிலிருந்து குழந்தைக்கு வர நெடுந்தூரம் இருக்கிறது. 2023 மார்ச்சில் ரெட் நோய்க்கான முதல் மருந்தாக டிரோஃபினெடைடு என்பதற்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது சில அறிகுறிகளைத் தணிக்கிறது, ஜீனைச் சரிசெய்வதில்லை. அளவு மீறாமல் ஜீனைச் செலுத்தும் முறைகள் இப்போது நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன.